இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டும் ஆசிரியர்: ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில்

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். லேப் பார்க்கும் ஆசிரியர் இரவில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். முதலில் "சாப்டியா" என்று ஆரம்பித்தது, அப்புறம் போட்டோ கேட்பதில் வந்து நின்றது, அதன்பின் வெளியே வரச் சொன்னார். மாணவி மறுத்துவிட்டார். அன்றிலிருந்து லேப் சோதனைகளை எழுதும் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து விழவில்லை. "இன்டர்னல் என் கையிலதான் இருக்கு, யோசிச்சுக்கோ" என்று நேரிலேயே சொல்லியிருக்கிறார். வகுப்புத் தோழி ஒருவருக்கும் இதே கதை. புகார் கொடுத்தால் டிகிரியே போய்விடும் என்கிறார்கள் சீனியர்கள். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். என்ன செய்வது என்கிறார்.

கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுக்களில், அதாவது எல்லோரும் ஐ.சி.சி. என்று சொல்லும் குழுக்களில், வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது இது: அந்த ஆசிரியரின் பலம் முழுவதும் மார்க்கில் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயமும் மார்க்தான். அவருக்குத் தண்டனை கிடைப்பது பிறகு. உங்கள் ரெக்கார்டு, உங்கள் இன்டர்னல், உங்கள் பிராக்டிக்கல் மூன்றும் அவர் கையை விட்டு வேறு ஒருவர் கைக்குப் போக வேண்டும். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது பெரும்பாலான மாணவிகளுக்குத் தெரியாது. சில முதல்வர்களுக்கே தெரியாது.

யு.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2015ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள் எல்லா உயர்கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். அதில் இடைக்கால நிவாரணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, புகார் கொடுத்தவரின் வேலையையோ தேர்வையோ மதிப்பிடுவதிலிருந்து எதிர்த் தரப்பினரை நிறுத்திவைக்கலாம் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். புகார் கொடுத்தவருக்கு 3 மாதம் வரை, எந்தப் பலனும் குறையாமல், விடுப்பு தரலாம். புகார் கொடுத்தவரை நெருங்கக் கூடாது என்று ஆசிரியரை எச்சரிக்கலாம். பழிவாங்கல் நடக்காமல் பார்த்துக்கொள்வதும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் இவை தானாக நடந்துவிடாது. புகார்க் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். இப்படி எழுதுங்கள்: "விசாரணை முடியும் வரை என் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்திடுவது, அக மதிப்பீடு, செய்முறைத் தேர்வு ஆகியவற்றிலிருந்து இவரை விலக்கி, வேறு ஆசிரியரை நியமிக்க வேண்டுகிறேன். 2015 யு.ஜி.சி. விதிமுறைகளின் இடைக்கால நிவாரணப் பகுதியின்படி இதைக் கோருகிறேன்." இந்த இரண்டு வாக்கியங்கள் இல்லாத புகார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். விசாரணை ஒரு பக்கம் நடக்கும், அதே ஆள் அதே பெண்ணுக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, எடுத்துக்கொண்டிருப்பார்.

உண்மையில் அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். பயம் எப்போதும் அந்த அளவைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரி என்றால் இந்த அளவு மாறலாம். செமஸ்டர் விடைத்தாள் பெரும்பாலும் டம்மி நம்பர் போட்டுத் திருத்தும் இடத்துக்குப் போகிறது. அங்கே உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆக, "உன்னைப் பாஸ் பண்ண விடமாட்டேன்" என்பதில் பாதிக்கு மேல் வெறும் மிரட்டல். மீதி இருப்பதுதான் ஆபத்தானது: அசைன்மென்ட், செமினார், வருகைப் பதிவு, பிராக்டிக்கல், புராஜெக்ட், வைவா. இவற்றில் ஒரு மனிதர் மூடிய அறையில் மனசுக்குப் பட்டதைப் போட முடியும், காரணம் எழுத வேண்டியதில்லை.

ரெக்கார்ட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு நோட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் கழுத்தில் கயிறு. ஒவ்வொரு சோதனையின் கீழும் தேதியோடு கையெழுத்து வேண்டும். கடைசியில் முன்பக்கச் சான்றிதழில் ஆசிரியரும் துறைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பிராக்டிக்கல் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். "நாளைக்கு வா", "ஸ்டாஃப் ரூமுக்குத் தனியா வா", "இந்தப் படம் சரியில்லை, திரும்ப எழுது" என்று வாரக்கணக்கில் இழுக்கலாம். எதுவும் எழுத்தில் இருக்காது. கேட்டால் மாணவி சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிவிடலாம். அதனால் உங்கள் ரெக்கார்டை இன்றைக்கே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். உங்களோடு ஒரே பேட்ச்சில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு எந்தத் தேதியில் கையெழுத்து விழுந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் விழுந்து உங்களுக்கு மட்டும் நின்றிருந்தால், அது நின்ற தேதியும் நீங்கள் மறுத்த தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், குழுவுக்கு அதைவிடப் பெரிய சாட்சியம் தேவைப்படாது. இன்டர்னல் டெஸ்ட் விடைத்தாளைத் திருத்திக் கையில் தரும்போதே படம் எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் போர்டில் மார்க் ஒட்டினால் அதையும். திருத்திய விடைத்தாளைத் தேர்வெழுதியவர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சி.பி.எஸ்.இ. சம்பந்தப்பட்ட வழக்கில், சொல்லியிருக்கிறது. அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பழைய தாள்களைக் கழித்துவிடுவார்கள், அதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். நிறையப் பேர் அப்படிச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள், அவர்கள்மீது எனக்குக் கோபமே வருவதில்லை, அந்தச் செய்திகளைப் போனில் வைத்திருப்பதே ஒரு வேதனை. ஆனாலும் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அவர் பெயருக்குப் பதில் நம்பர் தெரிய வேண்டும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்புங்கள். நம்பகமான ஒருவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். நேரில் சொன்னதை அன்றன்றே எழுதிவையுங்கள்: எந்த இடம், என்ன நேரம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், அப்போது வராந்தாவில் யார் நின்றார்கள், பிறகு நீங்கள் யாரிடம் அழுதீர்கள். அந்தக் கடைசி விஷயம் முக்கியம். நடந்த உடனே நீங்கள் யாரிடம் சொன்னீர்களோ, அவர் குழு முன்னால் சாட்சி சொல்லலாம்.

காலக்கெடு விஷயத்தில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் வழியில்லை. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை ஒருவர் துணைவேந்தர்மீது கொடுத்த புகார், கடைசிச் சம்பவத்திலிருந்து 6 மாதம் தாண்டிவிட்டது என்பதற்காகவே நின்றுபோனது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சட்டம் படித்தவருக்கே அந்த நிலை. "செமஸ்டர் முடியட்டும், மார்க் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று காத்திருக்கும் மாணவிகள் இந்தக் கெடுவைத்தான் தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள். உங்களுக்கு வந்த கடைசிச் செய்தியின் தேதியை இப்போதே பாருங்கள்.

புகாரை யாரிடம் கொடுப்பது? ஹெச்.ஓ.டி.யிடம், அதாவது துறைத் தலைவரிடம், வாயால் சொல்வது புகார் ஆகாது. அவர் நல்லவராகவே இருந்தாலும், "நான் பேசிப் பார்க்கிறேன்மா" என்று அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசுவார், மறுநாளே உங்கள் ரெக்கார்டு காணாமல் போகும். ஐ.சி.சி. தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் குழு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். புகார் மாணவர் சம்பந்தப்பட்டது என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் 3 பேர் உட்கார வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது. உங்கள் கல்லூரியின் வலைத்தளத்தில் குழுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஹெச்.ஓ.டி. பெயர் அதில் இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள். குழுவே இல்லை என்றால், அல்லது புகார் நிர்வாகத் தலைவர்மீதே என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு ஒன்று இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இந்த அமைப்பு விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், கோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது மனசை விட்டுப் போகவில்லை. 2009இல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர்மீது புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாகக் கூட்டங்களை நடத்தி, அவர் தன் தரப்பைச் சொல்லப் போதுமான வாய்ப்புத் தராமல், முடிவெழுதியது. வேலையிலிருந்து நீக்கினார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறை சரியில்லை என்று எல்லாவற்றையும் ரத்துசெய்து, 2009இல் விட்ட இடத்திலிருந்து திரும்ப விசாரிக்கச் சொல்லிவிட்டது. அந்த மாணவிகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். 14 வருடம் கழித்து மறுபடி விசாரணை. எதிர்த் தரப்புக்கு நியாயமான வாய்ப்பு கொடுப்பது புகார் கொடுத்தவருக்குத்தான் பாதுகாப்பு என்பதை நான் அந்தத் தீர்ப்பிலிருந்து எல்லாக் குழுவிலும் சொல்லிவருகிறேன். அதனால் ஆசிரியருக்குப் புகாரின் பிரதி போகும், பதில் சொல்ல அவகாசம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டால் பதற வேண்டாம். 7 நாளில் பிரதி அனுப்புவார்கள், 10 நாளில் அவர் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை கிடைத்து 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். அறிக்கை எதிராக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள். "நிரூபிக்க முடியாவிட்டால் உன்மேல் நடவடிக்கை" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றில்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சமரசம் பேசலாம் என்று குழுவாகவே ஆரம்பித்தால் அதுவும் தவறு. நீங்கள் கேட்டால் மட்டுமே அந்தப் பேச்சு எழ வேண்டும், பணம் அதில் வரவே கூடாது.

சீனியர்கள் சொல்வதைப் பற்றி. அவர்கள் பயம் சும்மா வந்ததில்லை. 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில், துறைத் தலைவர்மீது புகார் கொடுத்து நியாயம் கிடைக்காமல் ஒரு கல்லூரி மாணவி உயிரையே விட்டார். அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிறகுதான் அந்தத் துறைத் தலைவரும் முதல்வரும் கைதானார்கள். ஒரு நிறுவனம் கேளாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. ராத்திரியில் மனசு தாங்காத நேரம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், தயங்காமல் பேசுங்கள்.

அதே நேரத்தில் அருப்புக்கோட்டையையும் நினைவில் வையுங்கள். 2018 மார்ச்சில் அங்கே ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை, மாணவிகள் சிலரிடம் போனில் பேசி, பல்கலைக்கழகத்தில் மேலிடத்தில் இருப்பவர்களுக்கு இணங்கினால் மார்க்கும் பணமும் கிடைக்கும் என்று ஆசைகாட்டினார். பெரிய இடத்துப் பெண்கள் இல்லை அவர்கள், சாதாரணக் கல்லூரி மாணவிகள். அந்தப் பேச்சைப் பதிவு செய்தார்கள், கல்லூரியில் புகார் கொடுத்தார்கள். ஏப்ரலில் ஒலிப்பதிவு வெளியே பரவி, கைது நடந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். ஆறு வருடம் ஆனது, எல்லாக் கேள்விக்கும் பதில் வரவில்லை என்று எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வழக்கு நிலைத்து நின்றதற்கு அடிப்படை அந்தப் பெண்களின் ஒலிப்பதிவுதான். நைஜீரியாவிலும் இதே 2018இல், ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழகத்தில், மார்க்கைத் திருத்த உடலுறவு கேட்ட பேராசிரியரின் போன் பேச்சை மாணவி பதிவு செய்தார். ஜூனில் அவர் வேலை போனது, டிசம்பரில் 2 ஆண்டு சிறை.

வழக்கில் தோற்றும் வென்ற கதை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல ஆசை. 1977இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின்மீது மாணவிகள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர், பேராசிரியருக்கு இணங்காததால் தனக்கு மார்க் குறைந்தது என்றார். 1980இல் மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டார்கள், அந்தச் சம்பவம் நிரூபணமாகவில்லை. ஆனால் படிப்பில் முன்னேற உடலைக் கேட்பது பாலினப் பாகுபாடு என்பதை அந்த வழக்கில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. யேல் ஒரு புகார் நடைமுறையை உருவாக்கியது, மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. இன்று நம் கல்லூரிகளில் இப்படிப் புகார் சொல்ல ஒரு குழு இருப்பதற்கு, நம் நாட்டில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன 1997இன் விசாகா தீர்ப்புக்கும் முன்னால், அந்தப் பெண்கள் ஒரு காரணம்.

வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. குழு முன் வரும் பெண்கள் ஆசிரியரைவிட அப்பாவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். "படிச்சது போதும்" என்று மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம். இதை அந்த ஆசிரியர்களும் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், "வீட்ல சொல்லிடுவேன்" என்பது அவர்களுடைய இரண்டாவது ஆயுதம். உங்களுக்கு 18 வயது நிறைந்துவிட்டது. உங்கள் புகாரைப் பெற்றோருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று யு.ஜி.சி. விதிகளில் எங்கும் இல்லை. விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. "என் அனுமதி இல்லாமல் வீட்டுக்குத் தகவல் போகக் கூடாது" என்று கடிதத்தில் எழுதுங்கள். ஆனால் முடிந்தால் வீட்டில் ஒருவரிடமாவது, அக்கா, சித்தி, அத்தை, யாராவது நிதானமான ஒருவரிடம், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயிலிருந்தோ திரித்துப் போவதற்கு முன்னால் போகட்டும். முதலாமாண்டு மாணவி யாராவது இதைப் படித்தால், 18 நிறையவில்லை என்றால் போக்சோ சட்டம் பொருந்தும், அதன் வழி வேறு, இன்னும் கடுமையானது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவி என்றால், ஆசிரியர் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர் இல்லாத நிலையில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கூட வரலாம்.

போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, கல்லூரி அதைத் தடுக்க முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. பாலியல் இணக்கம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் தொடர்புகொள்வது 78ஆம் பிரிவில் வரும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பெண் அதிகாரிதான் உங்கள் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். அவசரம் என்றால் 181 என்ற மகளிர் உதவி எண். குழு விசாரணையும் போலீஸ் வழக்கும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பிஎச்.டி. மாணவிகளுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர்கள் நிலை இதைவிட மோசம். அங்கே இன்டர்னல் 25 இல்லை, எல்லாமே ஆய்வு வழிகாட்டியான ஒரு கைடின் கையெழுத்து: உதவித்தொகைப் படிவம், ஆறு மாத அறிக்கை, ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ், கட்டுரையில் பெயர். கைடு மாற்றக் கேட்டால் பல இடங்களில் அதே கைடிடம் தடையின்மைச் சான்று வாங்கிவரச் சொல்கிறார்கள். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று சொல்லத் தேவையில்லை. புகார் கொடுத்தவருக்கு அந்தச் சான்று கேட்கக் கூடாது, ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியே நேரடியாக மாற்ற வேண்டும் என்பதைக் குழுவின் இடைக்காலப் பரிந்துரையாகவே கேட்டு வாங்குங்கள். உங்கள் தரவு, வரைவு எல்லாவற்றையும் லேப் கம்ப்யூட்டரை விட்டு உங்கள் கைக்கும் ஒரு பிரதி கொண்டுவந்துவிடுங்கள்.

உங்கள் தோழி விஷயம். இருவரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் தனக்கு நடந்ததைத் தன் சொற்களில் தனியாக எழுதட்டும், நீங்கள் தனியாக எழுதுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதாதீர்கள். இரண்டு தனிப் புகார்களில் ஒரே ஆளின் ஒரே மாதிரியான பேச்சு வந்தால் அதன் எடையே வேறு. அவர் தயாராக இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், உங்களுடையதை மட்டும் கொடுங்கள். பின்னால் அவர் சாட்சியாக வரலாம், அல்லது தன் காலக்கெடுவுக்குள் தானே புகார் கொடுக்கலாம்.